‘எனக்கும்’ என்று நிறுத்தியவள்

போன மாதம் ஷர்மிளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் இப்போது மொழிபெயர்ப்பாளராக என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அவனியாபுரத்துப் பெண். மூச்சு விடாமல் பேசுவாள்.

“கமலாக்கா, புதுசா சில பிள்ளைக சேந்திருக்குக. எல்லாம் நல்லாப் படிச்ச பிள்ளைகதேன். ஆனா பேஷண்ட்டு ‘நானும்’னு சொன்னாப் போதும், எல்லாத்துக்கும் ‘மீ டூ’ன்னு போட்டுவிட்டுருதுக. நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்கள்ல, அந்த சோ, நைதர் சமாசாரம்? அதை ரெண்டு பக்கத்துல எழுதிக் குடுங்கக்கா.”

“அதான் போனே மொழிபெயர்த்துச் சொல்லிருதாமே. இனிமே நீங்கள்லாம் எதுக்கு?” என்றேன்.

“அதுவும் எங்களை மாதிரிதேன் தப்புப் பண்ணுது” என்று சிரித்தாள்.

எழுத உட்கார்ந்தேன். இலக்கணம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதிப் பக்கத்துக்கு வேறு ஏதோ வந்துகொண்டே இருந்தது. அதையும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் அந்த அரைப் பக்கம். “எனக்குக் காப்பி பிடிக்கும்” என்று ஒருவர் சொன்னால், நாம் “எனக்கும்” என்கிறோம். “எனக்குக் காப்பி பிடிக்காது” என்றாலும் “எனக்கும்” என்றே சொல்லிவிட்டுப் போகிறோம். ஒரே சொல். முன்னால் பேசியவர் எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கம் அதுவும் போய்விடும். ஆங்கிலத்தில் அப்படி நழுவ முடியாது. முதல் ஆள் உண்டு என்று சொல்லியிருந்தால் “சோ டு ஐ”. இல்லை என்று சொல்லியிருந்தால் “நைதர் டு ஐ”. எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்கவே முடியாது. “ஆமா”வும் இப்படித்தான். “ஒண்ணும் சாப்பிடலைல்ல?” என்று கேட்டால், சாப்பிடாத மனிதர் “ஆமா” என்பார். நீ சொன்னது சரி என்று பொருள். ஆங்கிலத்தில் அதே மனிதர் “நோ” சொல்ல வேண்டும். “எஸ்” என்றால் சாப்பிட்டுவிட்டார் என்று ஆகிவிடும்.

இவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. என் வேலையில் இது அப்படி இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். தெருவில் தமிழ். அப்பா தறியை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடும் வேலைக்குப் போனார். அதே வருஷம் நான் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்தேன். டைப்ரைட்டிங் படித்தேன், கொஞ்ச நாள் ஒரு நர்சரிப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன், பிறகு இந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்கு வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டு இதய மருத்துவர்கள் சிலர் வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கல் கழிந்ததும் வந்து, சில வாரம் தங்கி, வசதியில்லாதவர்களுக்கு ஆபரேஷன் செய்துகொடுப்பார்கள். அவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும் என்று மேட்ரன் என்னை வரவேற்பு மேஜையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். நர்சுகளுக்குத் தலைவியான அந்த மேட்ரன் பெயர் ரோஸ்லின். மற்ற மாதங்களில் சாதாரண வார்டு வேலை. அந்தச் சில வாரங்கள்தான் என் உண்மையான வேலை.

முதல் நாளே மேட்ரன் அந்த வேலை எப்படி உண்டானது என்று சொன்னார். அதற்கு முன் தனியாக ஆள் கிடையாது. ஆங்கிலம் தெரிந்தவர் யார் கண்ணில் படுகிறாரோ அவரை நிறுத்திக்கொள்வார்கள். திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகும் வழியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், “நீங்கள் எதுவும் சாப்பிடவில்லை, இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். பெரியவர் “ஆமா” என்றார். பக்கத்தில் நின்றவர் “எஸ்” என்றார். சாப்பிட்ட வயிற்றோடு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று தள்ளுவண்டியைத் திருப்பிவிட்டார்கள். முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த மனிதர். எதற்காகத் திருப்பினார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தன் உடம்பு தாங்காது என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மகனிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார்.

“திரும்ப வந்தாரா, மேடம்?” என்று கேட்டேன்.

“ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்தோம். ஆனா அதுக்கப்புறம் அவர் எங்களை நம்பவே இல்ல. ஒவ்வொரு தடவையும் ‘நிசமாத்தான் சொல்றீகளா’ன்னு கேப்பாரு” என்றார் மேட்ரன்.

ரோஸ்லின் மேட்ரன் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் கட்டியிருப்பார். நாம் எதையாவது தப்பாகச் சொன்னால் திருத்தமாட்டார். நாம் சொன்னதையே அப்படியே ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அதுவே போதும். எனக்கு அவர் கொடுத்த பயிற்சி நடைபாதையில்தான் நடந்தது. எதிரே வரும்போது திடீரென்று ஆங்கிலத்தில், “நான் இன்னும் காப்பி குடிக்கவில்லை” என்பார். நான் நின்ற இடத்திலேயே “நைதர் ஹேவ் ஐ, மேட்ரன்” என்று சொல்ல வேண்டும். சொன்னால் கேண்டீனுக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கித் தருவார். “மீ டூ” என்று உளறிவிட்டால் ஒன்றும் சொல்லாமல் தனியாகப் போய்க் குடித்துவிட்டு வருவார். சித்திரை வெயிலில் வேர்த்து வழிய நின்றுகொண்டு, “எனக்கு இந்த வெயில் ரொம்பப் பிடிக்கும்” என்பார். “சோ டு ஐ” என்று நான் சொல்ல வேண்டும்.

“பொய் சொல்ல வைக்கிறீங்களே மேடம்.”

“பொய்யா இருந்தாலும் இலக்கணம் சரியா இருக்கணும், கமலா” என்பார்.

அப்போது அது சிரிப்பாக இருந்தது.

பேட்டி அறையில் அவர் வகுத்த முறை இது. டாக்டருக்கும் நோயாளிக்கும் நாற்காலி நேருக்கு நேர். என் நாற்காலி நோயாளிக்குப் பக்கத்தில், ஒரு சாண் பின்னால் தள்ளி. நான் டாக்டர் பக்கம் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் நோயாளி அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் இருப்பதாக நினைத்துக்கொள்வார். அவர் “நான்” என்றால் நானும் ஆங்கிலத்தில் “நான்” என்றே சொல்ல வேண்டும். “அந்தம்மா சொல்கிறார்” என்று இடையில் புகக் கூடாது. தலையாட்டலை மொழிபெயர்க்கக் கூடாது. நம் ஊர்த் தலையாட்டலில் சரி என்பதும் இருக்கும், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதும் இருக்கும், எப்போது விடுவீர்கள் என்பதும் இருக்கும். வாயால் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். “ஆமா”, “இல்ல”, “நானும்” இந்த மூன்றையும் தனியாக அனுப்பக் கூடாது. “முழுசாச் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கி, முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லி, அதைத் திரும்பவும் தமிழில் நோயாளியிடம், “நான் இப்படிச் சொல்லியிருக்கேன், சரிதானா?” என்று கேட்க வேண்டும். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும் என்பார் மேட்ரன்.

இன்னொரு விதியும் உண்டு. நோயாளி தனியாக இருக்கும்போது சொன்னது தனியாகவே இருக்க வேண்டும். புருஷனாக இருந்தாலும், பெற்றவளாக இருந்தாலும், நோயாளியின் சம்மதம் இல்லாமல் அது வெளியே போகக் கூடாது. அதுவும் நல்ல விதிதான். அப்படித்தான் இன்றும் நினைக்கிறேன்.

வந்த டாக்டர்களில் நான் அதிகம் சேர்ந்து வேலை பார்த்தது டாக்டர் ஹாலம் என்பவரோடு. நெடிய மனிதர். நோயாளி உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். அவரிடம் ஒரே தொல்லை, மரியாதைக்காக எல்லாக் கேள்வியையும் எதிர்மறையில் கேட்பார். “ராத்திரியில் வலி ஒன்றும் இல்லையே?”, “பயம் ஒன்றும் இல்லையே?” நேராகக் கேளுங்கள் என்று மேட்ரன் அவரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டொரு நாள் நேராகக் கேட்பார். பிறகு பழையபடி ஆகிவிடும். மனிதர் பேசிப் பழகிய பேச்சு.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அந்த வருஷ முகாமில்தான் பாண்டியம்மாள் வந்தாள்.

கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். முப்பது வயதுகூட இருக்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு ஒன்று கெட்டு, சுருங்கிப்போயிருந்தது. கடலைக் காட்டில் குனிந்து நிமிர்ந்தால் மூச்சு வாங்கும். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே தூங்குவாளாம். எங்கள் மாடிப்படி ஏறி வரும்போது நடுவில் நின்று, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோலச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. ஒரே பெண் குழந்தை. அதை அவள் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

கூட வந்தவர் புருஷன் கருப்பணன். நல்ல உடல்கட்டு, கறுத்த, சாதுவான முகம். அவர் அந்த முகத்தில் அடிக்கடி துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய அக்கா பல வருஷத்துக்கு முன் வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷனுக்குப் போனவள் உயிரோடு வெளியே வரவில்லை. அப்போது இளவட்டமாக இருந்த இவர்தான் உடலை வேனில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்.

டாக்டர் ஹாலம் படம் போட்டுக் காட்டினார். வால்வு எப்படி இருக்க வேண்டும், இவளுடையது எப்படி இருக்கிறது, என்ன செய்யப்போகிறார்கள். ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் செய்யாமல் விட்டால் இதயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து ஒரு நாள் நின்றுவிடும். செய்துகொண்டால் இன்னும் நெடுநாள் வாழலாம். நான் ஒவ்வொன்றையும் சொன்னேன். கருப்பணன் படத்தைப் பார்க்கவே இல்லை.

“நெஞ்சத் தொறப்பீகளா?” என்று மட்டும் கேட்டார்.

திறக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“வேணாம் தாயி. மருந்து மாத்திர குடுங்க, எம்புட்டு வேணாலும் வாங்கிக்கிடுறோம். தொறக்கிறது வேணாம்.”

முழு வாக்கியம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் தலையசைத்துவிட்டுப் பாண்டியம்மாளைப் பார்த்தார். “உங்கள் கணவருக்கு ஆபரேஷனில் விருப்பமில்லை. உங்களுக்கு?”

நான் தமிழில் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும்…” என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தமிழில் அது முழுப் பதில். புருஷன் வேண்டாம் என்றார், இவள் எனக்கும் என்றாள், விஷயம் முடிந்தது. தமிழ் தெரிந்த டாக்டராக இருந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் நான் சோ என்றோ நைதர் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் குரலில் இரண்டுமே இல்லை.

“முழுசாச் சொல்லுங்கம்மா. எனக்கும்னா?”

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். கருப்பணன் முந்திக்கொண்டார். “அவளுக்கும் வேணாமாம் தாயி.”

“கணவர் தன் மனைவிக்கும் வேண்டாம் என்கிறார். மனைவி தன் வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை” என்று நான் டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சுவரோரம் நின்றிருந்த மேட்ரன், “அய்யா, நீங்க செத்த வெளிய இருங்க. உங்க சம்சாரத்துக்கு எடை பாக்கணும்” என்றார். கருப்பணன் விட்டால் போதும் என்பதுபோல வெளியே போனார்.

கதவைச் சாத்திய பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே பேசினாள்.

“எனக்குப் பண்ணிக்கிடணும்னுதேன் இருக்கு தாயி. படுத்து ஒறங்கணும். எம்பிள்ளைய இடுப்புல வச்சு நாலு எட்டு நடக்கணும். அம்புட்டுத்தேன் ஆச. ஆனா அந்த மனுசன் மொகத்தப் பாத்தீகள்ல? அவுக அக்கா செத்ததுலருந்து ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல. எனக்காகத்தேன் இன்னைக்கி வந்திருக்காக. வழியெல்லாம் வாந்தி. நான் உள்ள போயித் திரும்பாமப் போனா, என்னையும் வேன்ல வச்சு அவுகதேன கொண்டு போகணும்? ரெண்டாவது தடவ அவுக தாங்கமாட்டாக.”

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை டாக்டர் அசையவில்லை. பிறகு, இது அவளுடைய உடம்பு, அவள் சம்மதம் மட்டுமே போதும் என்றார். மேட்ரனும் அருகில் வந்து அவள் தோளில் கைவைத்து, “நாங்க அவர்கிட்டப் பேசட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம், வேணாம். நான் சொன்னத அவருகிட்டச் சொல்லிப்புடாதீக. அவரு பயந்ததாலதேன் நான் வேணாம்னேன்னு தெரிஞ்சா, எனக்கு நாளைக்கி ஒண்ணுன்னா அவரால தாங்க முடியாது. அடுத்த வருசம் இந்த டாக்டரு வருவாருல்ல? அதுக்குள்ள நானே பக்குவமாப் பேசி அந்த மனுசனத் தேத்திக் கூட்டிட்டு வாரேன்.”

அடுத்த வருஷம்வரை இதயம் தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். தாங்கலாம் என்றார். தாங்கும் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தையும் அவளிடம் தெளிவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

கருப்பணனை உள்ளே கூப்பிட்டார்கள். முறைப்படி, இருவர் முன்னிலையிலும் டாக்டர் கடைசியாகக் கேட்டார். “உங்கள் கணவருக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம். உங்களுக்கு?”

இந்த முறை பாண்டியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல முழுசாகச் சொன்னாள். “எனக்கும் வேணாம்.”

“நைதர் டு ஐ” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது. ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். நடைபாதையில் சொல்லியிருந்தால் மேட்ரன் காப்பி வாங்கித் தந்திருப்பார். டாக்டர் கேட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். மாத்திரைகள் கொடுத்தார்கள். கருப்பணன் கைகூப்பி, “பெரிய மனசு பண்ணுனீக” என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் முகம் தெளிந்திருந்தது. படியிறங்கும்போது அவள் மூச்சு வாங்கி நின்ற இடத்தில் அவரும் நின்று, அவள் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். மேலிருந்து நானும் மேட்ரனும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எங்களுக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் பொங்கல் கழிந்தது. டாக்டர் ஹாலம் வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் ஆள் பாண்டியம்மாள். ஒவ்வொரு நாளும் காத்திருப்போர் பெஞ்சுகளில் அவளைத் தேடிப் பார்ப்பேன். முகாமின் கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், கூட்டம் கலைந்த பிறகு, பெஞ்சில் கருப்பணன் தனியாக உட்கார்ந்திருந்தார். தலை மழித்து, முடி பாதி வளர்ந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஐப்பசி மழையில் பாண்டியம்மாளுக்குச் சளி பிடித்திருக்கிறது. மூச்சுத் திணறலோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும் வழியிலேயே, மேலூர் தாண்டுவதற்குள் போய்விட்டாள். அவர் மடியில்தான் தலை இருந்ததாம்.

“சாகுறதுக்குக் கொஞ்ச நாளைக்கி முன்னாடி, ‘தை மாசம் அந்த டாக்டரப் போயிப் பாத்துட்டு வருவமாய்யா’ன்னு கேட்டா. பாப்போம்னேன். சும்மா மாத்திர வாங்கத்தேன் கேக்குறான்னு நெனச்சேன். இப்ப ஒறக்கம் வர மாட்டேங்குது தாயி. அன்னைக்கி என்னைய வெளிய அனுப்புனீகள்ல? அப்ப அவ என்ன சொன்னா?”

துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார்.

“அவளுக்கும் இஷ்டமில்லதேன? வேணாம்னுதேன சொன்னா? எனக்காகச் சொல்லலல்ல?”

“ஆமா” என்று ஒரு சொல் போதும். வெறும் ஆமா. அந்த மனிதர் எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்த் தூங்கியிருப்பார். அவளும் அதைத்தான் விரும்பியிருப்பாள். அதற்காகத்தானே சொல்லிப்புடாதீக என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் அவர் கேட்டது ஆறுதலுக்காக இல்லை என்று எனக்குப் பட்டது. பாதி தெரிந்துகொண்டு மீதியைத் தேடி அவ்வளவு தூரம் பஸ் ஏறி, அவர் வெறுக்கிற அந்த வாடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை.

“இல்லங்க அய்யா. அவங்களுக்குப் பண்ணிக்கணும்னு ஆசை இருந்துச்சு. உங்களால தாங்க முடியாதுன்னுதான் வேணாம்னாங்க. உங்களைத் தேத்தி இந்த வருஷம் கூட்டிட்டு வர்றதாச் சொன்னாங்க.”

அவர் அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா தாயி?”

“அவங்க சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க.”

“அவ சொல்லுவா. அவ அப்பிடித்தேன். நீங்க படிச்சவுக. ஒரு வார்த்த வெளிய வந்து சொல்லியிருந்தா, அவ கால்ல விழுந்து ‘பண்ணிக்கிடு ஆத்தா’ன்னு சொல்லியிருப்பேனே. நான் எம்பயத்தச் சொன்னேன். அவ மனசுலயும் அதே பயந்தேன்னுல்ல நெனச்சேன்.”

கேண்டீன் பையனிடம் டீ வாங்கிவந்து கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார். குடிக்காமலே எழுந்து போனார்.

மேட்ரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கை மீறியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா நிஜமாவே சம்மதிச்சிருப்பாரா மேடம்?”

“தெரியாது, கமலா.”

“சொல்லியிருக்கணுமா நாம?”

“அவ வேண்டாம்னு சொன்னா. நாம கேட்டுக்கிட்டோம். அது தப்பில்ல.” கடிகாரத்தை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டே, “ஆனா ஒரே ஒரு தடவைதான் கேட்டோம்” என்றார். “அவர்கிட்டப் பேசட்டுமான்னு நான் கேட்டேன். வேணாம்னா. உடனே விட்டுட்டேன். நீ சொல்லும்போது நாங்களும் கூட இருக்கோம், நீயே சொல்லும்மான்னு கேட்டிருக்கலாம். ரெண்டு பேரையும் ஒரு நாள் இங்கேயே தங்க வச்சிருக்கலாம். வார்த்தையச் சரியா வாங்குறதுலயே இருந்துட்டோம்.”

அதற்குப் பிறகு பேட்டி அறையில் முறை மாறியது. வீட்டாரோடு வந்தவர்களிடம் முதலில் தனித்தனியாகக் கேட்பது, பிறகு சேர்த்துக் கேட்பது என்று மேட்ரன் வைத்தார். இரண்டு பதில்களும் வேறு வேறாக இருந்தால், அன்றைக்கே முடிவு எழுதுவதில்லை. “நீங்க தனியாச் சொன்னதை அவர் முன்னாடி நீங்களே சொல்றீங்களா? நாங்க பக்கத்துல இருக்கோம்” என்று நோயாளியிடம் கேட்போம். மறுநாளும் கேட்போம். சிலர் சொன்னார்கள். சிலர் சொல்லவே இல்லை. சொன்னவர்களில் சிலருடைய புருஷன்மார் அழுதார்கள், சிலர் கத்தினார்கள். ஆனாலும் ஆபரேஷன் நடந்தது. நடந்த ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷத்தோடு கூடவே ஒரு வலி இருக்கும்.

ஷர்மிளா, புதுப்பிள்ளைகளுக்கு நீ இலக்கணத்தையும் சொல்லிக்கொடு. அது வேண்டும். எந்த இடத்தில் சோ, எந்த இடத்தில் நைதர் என்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆனால் ஒருவர் இன்னொருவரோடு ஒத்துப்போகிறார் என்று வாக்கியம் சொன்னால், உடனே நம்பிவிட வேண்டாம் என்றும் சொல். மறுபடியும் கேட்கச் சொல். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கருப்பணனை நான் இன்னொரு முறை பார்த்தேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில். கொட்டாம்பட்டி வழியாகப் போகும் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வெளிறிய வேட்டி, நரைத்த மீசை. கூட ஒரு பெண். பள்ளிக்கூடம் முடிக்கும் வயது இருக்கும். இடம் பிடிக்க அவள் முன்னால் ஓடி, படியில் தாவி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டாள். கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். கால் நின்றது. நான் இரண்டடி முன்னால் வைத்தேன். கும்பிட வேண்டுமா, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கினேன்.

“யாருப்பா அது? ஒங்களத்தேன் பாக்குறாக” என்று அந்தப் பெண் ஜன்னலிலிருந்து கேட்டாள்.

அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “யாரோ. தெரியல ஆத்தா” என்றார்.

பிறகு ஏறிப்போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பஸ் நகர்ந்தது. அவர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மட்டும் கழுத்தைத் திருப்பி, கண்ணிலிருந்து மறையும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.